முதல் பானை யாருடையது? சேர்வராயன் மலையில் ஓர் ஊரின் பதிவைக் காத்த நிகழ்வு

பின்னணி

சேலத்தில் இருபத்தைந்து வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், திருவிழா மலர், இவைதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரோடு சேர்ந்து பழைய காகிதங்களைப் படமெடுத்து வைக்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒருவர் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்ப்பவர், இன்னொருவர் கணினி படிக்கும் கல்லூரி மாணவி. எங்களுக்குப் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது.

இங்கே எழுதுவது ஏற்காடு வட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் இரண்டரை வருடமாக நடந்தது. ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதையும் சொல்லவில்லை. அந்த ஊரின் இரண்டு வகையறாக்களுக்கு மேல்வீடு, கீழ்வீடு என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களாவது தெரியட்டும்.

ஊரில் அறுபது சொச்சம் வீடுகள். எல்லோரும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள், பெரியவர் சேர்வராயனில் தங்கினார் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். அந்தக் கதை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தையும் சேர்த்துத்தான் எழுதிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த மலையைப் பற்றி எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தது, 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் எல்லாம் நூலகத்தில் கிடைக்கும். ஆனால் எழுதியவர்களில் மலைக்காரர் ஒருவரும் இல்லை. ஏற்காட்டில் குடியிருந்த நிலவியலாளர் ராபர்ட் ப்ரூஸ் ஃபுட் இந்த மலையில் சேர்த்த புதிய கற்காலக் கோடரிகள், அவருடைய மற்றச் சேகரிப்போடு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே மாதிரிக் கற்களை மலையில் பிள்ளையார் மேடைகளில் பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். எழும்பூருக்குப் போன கல்லுக்கு எண் இருக்கிறது, அச்சிட்ட பட்டியல் இருக்கிறது. மேடையில் இருக்கும் கல்லைப் பற்றிக் கேட்டால் பூசாரிக்கு என்ன ஞாபகமோ அவ்வளவுதான்.

ஊர்க்காரர்களே எழுதிவைத்தது அபூர்வம் என்பதால்தான் இந்த ஊரில் இருந்த ஒரு நோட்டு எங்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. வெறும் பழமை மோகம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகிற பிள்ளையிடம் தாத்தா காலத்துப் பள்ளிப் பதிவோ நிலக் காகிதமோ இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 1980 நவம்பரில், ஊர்க்கணக்கு எழுதிய கர்ணம், வரி வசூலித்த மணியக்காரர் ஆகிய பதவிகளை அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அப்போது பல ஊர்களில் பழைய கணக்குக் காகிதங்கள் அவரவர் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. பரண் யாருடையதோ, ஊரின் நேற்றைய நாளும் அவர் கையில் என்றாகிவிட்டது.

விஷயம் கடைக்கு வந்த நாள்

ஒரு மாசி மாதம் கீழ்வீட்டு இளைஞர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் 2003இல் அச்சான திருவிழா மலர். ‘இதே மாதிரி திரும்ப அடிச்சுக் குடுங்கண்ணா, ஒரு வரி மட்டும் மாத்தணும்’ என்றார்.

வைகாசித் திருவிழாவில் அம்மனுக்கு முதல் பொங்கல் பானையை மேல்வீட்டார் ‘ஆதிகாலம் தொட்டு’ வைத்துவருவதாக மலரில் இருந்தது. அவர் சொன்னது வேறு: ‘எங்க அப்பாரு காலத்துல மாத்தி மாத்தி வெச்சாங்க. ஒரு வருசம் அவங்க, ஒரு வருசம் நாங்க. இந்தப் புஸ்தகம் வந்தப்புறம் எங்க வீட்டுப் பசங்களே இதைக் காட்டி, நமக்கு உரிமை இல்லப்பாங்கறாங்க.’

மலரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஒளியச்சு என்று என் கடைப் பெயர்தான் போட்டிருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரின் வரலாற்றை நான் எழுதவில்லை, கொடுத்ததை அடித்தேன், அவ்வளவுதான். ஆனாலும் இருபது வருடமாக அந்த ஊர்ப் பிள்ளைகள் வரலாறு என்று படித்தது என் விரல் வழியாகப் போன எழுத்தைத்தான்.

முதலில் பார்த்தவை

என் கடைப் பரணில் பழைய வேலைகளைச் சேமித்த குறுந்தகடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 2003க்கு உரியவை நான்கு. அதில் ஒன்று எந்தக் கணினியிலும் திறக்கவே இல்லை. எழுதும் குறுந்தகட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெளிச்சமும் சூடும் பட்டால் அது கெட்டுப்போகும், சேலம் வெயிலில் தகரக்கூரை அடியில் இருந்தது இத்தனை நாள் தாங்கியதே பெரிது. மற்றொன்றில் மலர் இருந்தது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் இரண்டு, ஒன்பது நாள் இடைவெளியில் சேமித்தவை.

திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அந்தக் காலத்தில் நாங்கள் பாமினி எழுத்துருவில் அடிப்போம். அந்த முறையில் கணினிக்குத் தமிழ் தெரியாது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தால் திரையில் ‘அம்மா’ என்று தெரியும், கோப்புக்குள் இருப்பது என்னவோ அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவும் போய்விடுவாள். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுமுறையான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010இல். நடுவில் இருந்த அத்தனை வருடமும் தமிழ்நாட்டு டிடிபி கடைகள் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்துக் குவித்தவை எத்தனை கோப்பு என்று நினைத்தாலே பகீர் என்கிறது. எங்களிடம் பழைய எழுத்துருவும் மாற்றும் நிரலும் இருந்ததால் படிக்க முடிந்தது.

முதல் கோப்பில், ‘மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆண்டுக்கு ஒருவராக முதல் பானை வைப்பது வழக்கம்’ என்ற வரி இருந்தது. இரண்டாவது கோப்பில் அதை எடுத்துவிட்டு ‘ஆதிகாலம் தொட்டு’ வந்திருந்தது. புரூப் பார்த்து யாரோ மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். யார், எதற்காக என்று எனக்கு ஞாபகம் இல்லை. திருத்தத் தாளையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

மலருக்கு மூலம் ஊரில் இருந்த கணக்கு நோட்டு. எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்த ஒரு மலைக்காரர், 1960களில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் எழுதியது. சிவப்புத் துணி முதுகு போட்ட நீள நோட்டு. மழை பெய்த நாள், பிறப்பு, சாவு, ஊர்க்கூட்டத்தில் போட்ட அபராதம், திருவிழாச் செலவு, நடுநடுவே பாட்டு. நோட்டு மேல்வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெட்டியில் இருந்தது. நானும் ஆசிரியரும் மூன்று முறை மலையேறிப் போய் உட்கார்ந்து பேசினோம். நான்காவது முறை, ‘இங்கயே வெச்சுப் படம் எடுத்துக்கங்க, வாசப்படி தாண்டக் கூடாது’ என்றார். அந்த நிபந்தனை எங்களுக்கும் சம்மதமே. நோட்டு வீட்டைவிட்டுப் போகாதவரை அவருக்கும் பயம் இல்லை, எங்களுக்கும் பழி இல்லை.

ஸ்கேனரில் கவிழ்த்தால் தையல் விட்டுவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் நேராகத் தொங்கவிட்டு, இரு பக்கமும் விளக்கு வைத்து, பக்கத்தோடு ஓர் அளவுகோலும் தெரியும்படி 188 படங்கள் எடுத்தோம். திருவிழாப் பக்கம் ஒன்றில் மாணவி நின்றுவிட்டாள். மற்ற வரிகள் எல்லாம் நீலக்கறுப்பு மை, பேனாவில் எழுதியது. ஒரு வரியில் மட்டும் ஒரு பெயரை அடித்து மேலே பால்பாயிண்டில் எழுதியிருந்தது. ஒரு விளக்கை அணைத்து மற்றதைப் பக்கத்துக்குச் சமமாகத் தாழ்த்திப் பிடித்தோம். சாய்ந்த வெளிச்சத்தில் பால்பாயிண்ட் அழுத்திய பள்ளம் காகிதத்தில் வாய்க்கால் மாதிரி தெரிந்தது. அடியில் இருந்த பெயரைப் படிக்க முடியவில்லை. எழுதியவரே பிறகு திருத்தினாரா, வேறு கையா என்றும் சொல்ல முடியாது. ‘இந்த வரி வேறு எழுதுகோலில் திருத்தப்பட்டுள்ளது’ என்று மட்டும் குறித்தோம். அதற்குமேல் ஒரு சொல் சேர்த்திருந்தாலும் நாங்களும் ஒரு கட்சி ஆகியிருப்போம்.

கேசட்டைத் தேடி

1980களில் வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்து கிழவர்களையும் பெண்களையும் பேசவைத்து, பாடவைத்து, டேப்பில் பதிந்து போனதாக ஊரில் ஒரு பேச்சு இருந்தது. ஆறு கேசட். போகும்போது ஒரு நகலைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் அது ஒரு வீட்டு அடுக்குப்பானைக்குப் பின்னால் தங்கிவிட்டது.

ஐந்துதான் கிடைத்தன. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துப் பனியில் நாடா விளிம்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ரிப்பேர் நண்பர் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, கேசட் ஓட்டின் ஐந்து திருகையும் கழற்றி, மென்மையான தூரிகையால் பூஞ்சையைத் துடைத்து, நாடாவைப் புது ஓட்டுக்கு மாற்றினார். பழைய ஓட்டில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருந்தது. ஓடவிட்ட பிறகு, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டே கேட்டார். மங்கலாக இருந்த பேச்சு ஒரு புள்ளியில் சட்டென்று பல்லும் நாக்குமாகத் தெளிந்தது. கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஜிபி பிடிக்கும். எம்பி3 சின்னதுதான், ஆனால் அது காதுக்குத் தேவையில்லை என்று தானே முடிவுசெய்து சிலதைத் தூக்கிப்போடும். மூலமாக வைக்கிற கோப்பில் அந்த முடிவை இயந்திரத்திடம் விடக் கூடாது.

நான்காவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில்தான் திருவிழாப் பேச்சு இருக்க வேண்டும், உறையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஓடவிட்டால் சினிமாப் பாட்டு. யாரோ மேலே பதிந்துவிட்டார்கள். கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. மற்ற நான்கிலும் உடைத்திருந்தார்கள், அந்த ஒன்றில் மறந்திருக்கிறார்கள்.

அப்புறம் மூலக் கேசட்டைத் தேடினோம். ஆய்வாளர் காலமாகிவிட்டார். அவருடைய சேகரிப்பு வெளிமாநில ஆய்வு நிறுவனம் ஒன்றுக்குப் போயிருந்தது. இணையத்தில் இருந்த அட்டவணையில் தமிழ் என்று தேடினால் சேர்வராயன் சம்பந்தமாக ஒன்றுமே வரவில்லை. ஆசிரியர்தான் சொன்னார்: ‘மலையாளம்னு போட்டுப் பாரும்மா.’ மாணவி போட்டாள். ஆறு கேசட்டும் வரிசையாக வந்தன. ‘மலையாளி’ என்ற பெயரைப் பார்த்து மொழி மலையாளம் என்று பதிந்துவிட்டார்கள். பத்திரமான அறை, சரியான குளிர், ஒழுங்கான எண், எல்லாம் இருந்தும் அந்த ஊர்க்காரர் யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கேட்டு வாங்க ஏழு மாதம் ஆனது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு. பாடியவர், பேசியவர் போன்ற நிகழ்த்துவோருக்கு என்று தனி உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான். ஆகவே சட்டப்படி பார்த்தால் தன் தாயின் குரலைக் கேட்க மகள் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. நிறுவனத்தின்மீது கோபப்பட்டுக் கடிதம் எழுத எனக்கு ஆசையாக இருந்தது, ஆசிரியர் தடுத்துவிட்டார். ஊரிலிருந்து இரண்டு வகையறாவும் சேர்ந்து கையெழுத்திட்ட விண்ணப்பம் போனது. பானைச் சண்டைக்கு நடுவில் இரண்டு வீடும் சேர்ந்து போட்ட முதல் கையெழுத்து அதுதான். ஆறு கேசட்டின் வேவ் நகலும் வந்தது. மொழியைத் தமிழ் என்று திருத்தினார்கள். பாடியவர்கள் பெயரைச் சேர்க்கக் கேட்டது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

திண்ணையில் கேட்டது

கோயில் திண்ணையில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டோம். முதலில் ஒரு பெண் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பாட்டைப் பாடினாள். பாட்டு நடுவில் நின்று, இருமல் கேட்டது. பிறகு, ‘கோழியத் தொரத்து கண்ணு’ என்ற குரல். கூட்டத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்து நின்றுவிட்டார். ‘எங்கம்மா. அந்தக் கண்ணு நாந்தான்’ என்றார். அவரிடம் தாயின் போட்டோ ஒன்றுகூட இல்லை.

திருவிழாப் பேச்சு பதினான்கு நிமிடம். பேசிய கிழவர் முதல் பானை இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் என்றார். அதோடு நிற்கவில்லை. அதற்கும் முன்னே அது மூன்றாவது ஒரு வீட்டாருடையது, அவர்கள் மலையிறங்கிப் போய்விட்டார்கள் என்றார். மழை பொய்த்த வருடம் எல்லோருமாக ஒரே பானை வைத்ததையும் சொன்னார். மலர், நோட்டு, டேப் மூன்றும் மூன்று விதம். மேல்வீட்டுப் பெரியவர், ‘பேசறவரு கீழ்வீட்டுல பொண்ணெடுத்தவரு, அப்படித்தான் சொல்லுவாரு’ என்றார். நியாயமான கேள்விதான். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டோம்.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதல் முடிவு, பானை உரிமை யாருடையது என்று நாங்கள் சொல்வதில்லை. ஆளாளுக்கு எங்களைக் கேட்டார்கள். படமெடுத்தவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி வந்துவிடாது.

இரண்டாவது, பிரதிகளை யாரிடம் வைப்பது. ஒரு பொது இடத்தில் வைக்கலாம் என்று ஆசிரியர் சொன்னார், பஞ்சாயத்து அலுவலகமோ பள்ளியோ. எனக்கு மனம் ஒப்பவில்லை. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் திரும்பவும் எல்லாம் போய்விடும். மேல்வீட்டுக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று, சேலத்தில் எங்களிடம் ஒன்று, நான்காவது வெளியூரில் ஒரு நூலகத்தில் என்று முடிவானது. சண்டை போடுகிற இரண்டு பேரிடமும் ஒரே பிரதி இருந்தால் ஒருவர் மாற்றியதை மற்றவர் சும்மா விடமாட்டார். ஒற்றுமையாக இருக்கும் ஊரைவிட இந்த ஊரில் பதிவு பத்திரமாக இருக்கும் என்றே நம்பினேன்.

ஆனால் பிரதிகள் ஒன்றுதான் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மாணவி வழி சொன்னாள். எந்தக் கோப்பையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 எழுத்தில் ஓர் எண் வரும், கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். எல்லாக் கோப்புகளின் எண்களையும் ஒரே பட்டியலாக்கி, அந்தப் பட்டியலுக்கு ஓர் எண் எடுத்தோம். அதைக் கணினியில் மட்டும் வைத்தால் கணினி வைத்திருப்பவர் மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஊர்த் திருவிழாக் கணக்கு நோட்டில் கையாலேயே எழுதினோம். நான்கு நான்காகப் பதினாறு கூறு. அவள் ‘ஏழு, எஃப், சுழியம், மூணு’ என்று படிக்க, கீழ்வீட்டுப் பையன் எழுத, மேல்வீட்டுப் பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். ஒன்பதாம் கூறில் ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருக்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். அடியில் பதினொரு பேர் கையெழுத்து, நான்கு பேர் ரேகை.

மூன்றாவது, எதை வெளியே விடுவது. நோட்டில் அபராதப் பக்கங்கள் உண்டு. யார் யாரோடு ஓடிப்போனார், எந்தக் குழந்தைக்கு அப்பன் யார் என்பது வரை பெயரோடு இருக்கிறது. அந்தக் குழந்தைகள் இன்று பேரன் எடுத்தவர்கள். பக்கங்களை அழிக்கக் கூடாது, காட்டவும் கூடாது. கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம் என்று யோசித்தோம். கடவுச்சொல் மறந்தால் பக்கமும் போயிற்று, முப்பது வருடம் கழித்து அதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? கடைசியில் அந்தப் பக்கங்களை மட்டும் தனிப் பென்டிரைவில் போட்டு, உறையிட்டு, ஒட்டிய இடத்தில் இரு வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். பெண்கள் ஒன்று கேட்டார்கள். ஐந்தாவது கேசட்டில் இருக்கும் ஓர் ஒப்பாரி, இறந்த ஒரு குழந்தைக்காகப் பாடியது. அது ஊரைத் தாண்டக் கூடாது. எஸ்டேட் பாட்டுகள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அப்படியே செய்தோம்.

பேச்சை எழுத்தாக்க இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தோம். மலைப் பேச்சு, பழைய நாடாவின் இரைச்சல். ‘மொதப் பானை’ என்று கிழவர் சொன்ன இடத்தில் ‘மொத்தப் பணம்’ என்று எழுதிக்கொடுத்தது. சண்டை நடப்பதே அந்தச் சொல்லை வைத்துத்தான்! அதன் பிறகு இயந்திரம் எழுதியதைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். பதிவு என்று சேர்த்தது காதால் கேட்டுக் கையால் எழுதி, பேசியவர் வீட்டாரிடம் படித்துக்காட்டியதைத்தான்.

எங்கள் தவறு

மேலே எழுதியது எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. நோட்டைப் படமெடுத்த பதினோராம் நாள், தானிய அளவுகளுக்குப் போட்டிருந்த பழைய பின்னக் குறிகளைப் படிக்கத் தெரிந்த ஒரு நண்பருக்கு ஒரு பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது திருவிழாப் பக்கம். அவர் ஆர்வத்தில் இன்னொருவருக்கு அனுப்பினார். இரண்டு நாளில் அந்தப் பக்கம், திருத்திய வரியும் அதன் கீழ்ப்பகுதியும் வெட்டப்பட்டு, ‘ஆதாரம் இதோ’ என்ற தலைப்போடு ஊர்க் குழுக்களில் சுற்றியது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எப்போது எடுத்தது என்ற உள்விவரத்தையும் கழற்றிவிடும். வந்துசேர்ந்த படத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மேல்வீட்டார் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று மாதம் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை. பெரியவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: ‘வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னேன் தம்பி.’ நோட்டு தாண்டவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. முழுப் பக்கத்தையும் அளவுகோலோடு பெரிதாக அச்சிட்டு எடுத்துப்போய், யாருக்கு அனுப்பினேன் என்பதை ஊர்க்கூட்டத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கைரேகை எண் யோசனை பிறந்ததே இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

இன்னொரு தவறும் உண்டு, அது சத்தமில்லாமல் நடந்தது. முதல் ஒரு வருடம் நாங்கள் பேசியதெல்லாம் ஆண்களோடு. பானை, உரிமை, வகையறா என்றே கேட்டோம். கேசட்டில் பாதிக்குமேல் பெண்குரல் என்று தெரிந்த பிறகுதான் பெண்களிடம் போனோம். அதற்குள் கேசட்டில் பாடியவர்களில் உயிரோடு இருந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். அவர் பாடியதன் பொருளை இனி யாரிடம் கேட்பது?

அதன் பிறகு

முதல் வைகாசியில் மேல்வீட்டாரே பானை வைத்தார்கள், கீழ்வீட்டார் திருவிழாவுக்கு வரவில்லை. அடுத்த வருடம் கீழ்வீட்டார் வைத்தார்கள். டேப்பைக் கேட்டதால்தான் மனம் மாறினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் இரண்டு வீட்டுக்கும் ஒரு சம்பந்தம் ஏற்பட்டது, அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் கூட்டத்தில் பேச்சு ‘ஆதிகாலம்’ என்பதிலிருந்து ‘அந்தக் கிழவர் சொன்னபடி’ என்று மாறியிருந்தது. மூன்றாவது வீட்டாரைத் தேடிச் சேலத்தில் இரண்டு குடும்பங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் வருவார்களா என்பது அவர்கள் விருப்பம்.

மலரைத் திரும்ப அடித்தேன். 2003 பதிப்பில் வந்தது, அதற்கு முந்தைய என் கோப்பில் இருந்தது, நோட்டுப் பக்கத்தின் படம், டேப்பில் உள்ள பேச்சு, நான்கையும் அடுத்தடுத்துப் போட்டேன். எது சரி என்று போடவில்லை. கூலி வாங்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

கடையில் இப்போது எல்லாமே யூனிகோடில். புரூப் திருத்தத் தாளைத் தேதி போட்டுப் படமெடுத்துக் கோப்போடு சேர்த்துவைக்கிறேன், யார் மாற்றச் சொன்னார்கள் என்பதோடு. பதிவு வேலையில், பிரதிகள் எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் வரை ஒரு பக்கம்கூட யாருக்கும் அனுப்புவதில்லை, அவசரம் என்றாலும். புதிய ஊருக்குப் போனால் முதல் நாளே பெண்களோடு ஒரு கூட்டம், மாணவி தலைமையில். அட்டவணையில் மொழி, ஆள், இடம் ஆகியவற்றை நாங்களாக எழுதுவதில்லை. ஊர்க்காரர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக்காட்டுகிறோம். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் படமெடுக்க அனுமதி கேட்டிருக்கிறோம். சான்றிதழுக்கு அலையும் பிள்ளைகளுக்கு அதுதான் உடனே உதவும்.

பென்டிரைவை நம்புவதையும் குறைத்துக்கொண்டோம். மின்சாரம் காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் இருப்பது கசிந்துபோகும். வருடம் ஒருமுறை, திருவிழாவுக்கு மறுநாள், எல்லாப் பிரதியையும் கொண்டுவந்து எண் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என்று ஊரில் முடிவானது.

சென்ற வைகாசி

திருவிழா முடிந்த மறுநாள் காலை திண்ணையில் மடிக்கணினி வைத்தோம். கணக்கு நோட்டைப் பெரியவர் விரித்தார். மேல்வீட்டுப் பிரதி ஒத்துப்போனது. சேலத்துப் பிரதியும் சரி. கீழ்வீட்டுப் பிரதியில் ஒரு கோப்பின் எண் ஒத்துவரவில்லை. கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. யாரும் கைவைக்கவில்லை, பென்டிரைவ் கெட்டிருந்தது. நான்காவது கேசட்டின் இரண்டாம் பக்கம், கிழவர் பேசிய அதே பதினான்கு நிமிடம், பாதியில் கரகரத்து நின்றது.

மேல்வீட்டுப் பெரியவர் தன் பென்டிரைவை எடுத்து மாணவியிடம் நீட்டினார். ‘இதுல இருக்குதில்ல, அவங்களுக்கும் போட்டுக் குடு கண்ணு’ என்றார். புதிய பென்டிரைவில் படியெடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.